தேங்காயெண்ணெய் குடித்த மோட்டார்

எங்கள் வீட்டுத் தையல் மெஷின் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. கல்கத்தாவின் பவானிப்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் தையல் மெஷினைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் ஏழெட்டுப் பேர் கூடி நின்று பார்த்தார்கள். மெஷினின் பின்பக்கம், கைச்சக்கரத்தை ஒட்டி, பெரிய கத்தரிக்காய் அளவில் கறுப்பாக ஒரு மோட்டார் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

என் கணவர் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கிருந்த துரை ஒருவர் குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பினார். துரைசானி வீட்டுச் சாமான்களை ஆபீஸ்காரர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். ஆளாளுக்கு அலமாரி, கண்ணாடி, சாய்வு நாற்காலி என்று எடுத்துக்கொள்ள, இவர் மட்டும் மெஷினைக் கேட்டு வாங்கி வந்தார். நான் கல்யாணத்துக்கு முன்பே நாகர்கோவிலில் தையல் கற்றுக்கொண்டவள். அது அவருக்கு நினைவிருந்தது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கல்கத்தாவுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

மோட்டாருக்குக் கரண்டு கொடுக்க எங்கள் வீட்டில் தனி வழி எதுவும் இல்லை. முன்னறையில் தொங்கிய ஒரே விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மெஷினின் பிளக்கைச் செருக வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் தையல் இல்லை, தையல் வேண்டுமென்றால் வெளிச்சம் இல்லை. அதனால் பகலில்தான் தைப்பேன். கீழே கிடக்கும் மிதியைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டால் போதும், வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம் எழும். இன்னும் அழுத்தினால் ஊசி கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் ஒரு தலையணை உறையைத் தைத்து முடித்துவிட்டு, வேறு துணி இல்லாமல், அதன் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். நிறுத்த மனசு வரவில்லை.

கீழ் வீட்டில் டிராம் ஒர்க்ஷாப் மிஸ்திரி ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். டிராம் வண்டிகளின் அடியில் இருக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அவர் மனைவி என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். வங்காளத்தில் அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல அவளை நான் பௌதி என்று கூப்பிட்டேன். என் வங்காள மொழி அப்போது தட்டுத்தடுமாறும். அவளுக்குத் தமிழில் ‘வா’, ‘போ’, ‘சாப்பிடு’ மட்டும் தெரியும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவள் என்னோடு மணிக்கணக்கில் பேசுவாள். வம்பு முதல் வைத்தியம் வரை எங்களுக்குள் எதுவும் புரியாமல் போனதில்லை.

புரட்டாசியில் ஊரெல்லாம் துர்க்கா பூஜை முரசு கொட்டிக்கொண்டிருந்தபோது, நான் எங்கள் வழக்கப்படி ஆயுத பூஜை செய்தேன். அரிவாள்மணை, கத்தரிக்கோல், அவருடைய பேனா எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். மெஷினுக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, அட்சதை தூவினேன். மோட்டாரின் மேல்பக்கம் காற்றுப் போவதற்காக வரிசையாகத் துளைகள் இருந்தன. நாலு துளைக்கும் நாலு பொட்டு வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மார்கழியில் குளிர் வந்தது. எங்கள் ஊரில் குளிர் என்றால் விடியற்காலையில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொள்வது. இங்கே தண்ணீரைத் தொட்டால் கை எரிந்தது. அடுக்களையில் தேங்காயெண்ணெய் போத்தலைக் கவிழ்த்தேன், எண்ணெய் விழவில்லை. உள்ளே வெள்ளையாகக் கட்டிப்பட்டு நின்றது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து அழாக்குறையாகப் பௌதியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் போத்தலை வெயிலில் வைத்தாள். அரைமணியில் எண்ணெய் இளகியது. அன்றிலிருந்து என் கணவர் தினமும் குளிப்பதற்கு முன் கிண்ணத்தில் எண்ணெயை எடுத்து அடுப்பங்கரையில் வைத்து உருக்கித்தான் தலையில் தேய்த்துக்கொள்வார்.

எங்கள் ஊரில் நவராத்திரியோடு வரும் சரஸ்வதி பூஜை அங்கே தை மாதத்தில்தான் வரும். அதற்குள் எனக்கு வங்காள மொழி ஓரளவு பேச வந்திருந்தது. எங்கள் தெருக்கோடியில் பெண் குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் உண்டு. அதன் தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய திதிமணி என்பார்கள். பௌதியின் மகளுக்கு நான் தைத்துக் கொடுத்த கவுனைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் மாடியேறி வந்தாள். பூஜையன்று சின்ன வகுப்புக் குழந்தைகள் பதினெட்டுப் பேர் பாட்டுப் பாடப் போகிறார்கள், எல்லோருக்கும் மஞ்சள் கவுன் வேண்டும், முடியுமா என்று கேட்டாள். சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் உடுத்துவது அங்கே வழக்கம்.

“எத்தனை நாள் ஆகும்?” என்றாள்.

எனக்கு மோட்டாரைப் பற்றிய கர்வம் தலைக்கேறியிருந்தது. “நாலு நாள் போதும்” என்றேன்.

“நாலு நாளா? தையல்காரர் ஒரு மாதம் கேட்டாரே!”

“அவரிடம் மோட்டார் இல்லையே” என்றேன். பௌதி பக்கத்தில் நின்று, தானே மோட்டாரைக் கண்டுபிடித்தவள்போலத் தலையாட்டினாள்.

பதினெட்டுக் குழந்தைகளுக்கும் அளவெடுத்து, துணியை வெட்டி, பெயர்ச்சீட்டுக் குத்தி அடுக்கிவிட்டேன். பூஜைக்கு ஆறு நாள் இருந்தது. காலையில் குளித்துவிட்டு வந்து பல்பைக் கழற்றி, பிளக்கைச் செருகி, மிதியைத் தொட்டேன். வண்டுச் சத்தம் வரவில்லை. யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. இன்னும் அழுத்தினேன். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. துளைகள் வழியாகச் சின்னதாக ஒரு நீலப் பொறி தெரிந்தது. தீய்ந்த வாசனை வேறு. பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன்.

“இஞ்ச வாங்க, மெஷின் ஓட மாட்டேங்குது” என்று கத்தினேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். “குளிருல இரும்பு சுருங்கும்லா? வெயிலேறினா சரியாப் போவும்” என்றார்.

“நேத்து ஓடிச்சே?”

“நேத்து இம்புட்டுக் குளிரு இல்ல” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மடமடவென்று படியிறங்கிவிட்டார். தை மாதத்தில் கல்கத்தாவில் மழை ஏது? குடை எதற்கு என்று அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

கையால் சுற்றித் தைக்கலாமென்றால், மோட்டார் பூட்டும்போது துரைசானி கைப்பிடியைக் கழற்றி எறிந்திருந்தாள். பதினெட்டுக் கவுன்களின் துண்டுகள் மஞ்சள் மஞ்சளாகக் கட்டில் முழுக்கக் கிடந்தன. பௌதி கூடை நிறைய இலந்தைப் பழத்தோடு மேலே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அவள் கூடையை வைத்துவிட்டு மோட்டாரின் அருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு சக்கரத்தைக் கையால் திருப்பினாள். பிசினுக்குள் சுற்றுவதுபோல இறுக்கமாக நகர்ந்தது.

“எரிஞ்சு போகலை” என்றாள். “எரிஞ்சிருந்தா வேற வாசனை வரும். எங்க வீட்டுக்காரர் சட்டையில அந்த வாசனையோட வருவார், எனக்குத் தெரியும். இது உள்ளே அழுக்கு. திறந்து துடைக்கணும்.”

“சாயங்காலம் தாதா வந்ததும் கேட்கலாமா?” என்றேன். மிஸ்திரியை நான் அண்ணன் முறையில் தாதா என்றுதான் கூப்பிடுவேன்.

“அவருக்கு இந்த வாரம் முழுக்க ஒர்க்ஷாப்பில் கூடுதல் வேலை. வந்ததும் தூங்கிடுவார். நாமே திறப்போம்.”

“உனக்குத் தெரியுமா?”

“கையால தொட்டதில்லை. ஆனா பன்னிரண்டு வருஷமா அவர் சோறு சாப்பிடும்போதெல்லாம் மோட்டார் கதைதான். மீன் குழம்பு எப்படி இருக்குன்னு ஒருநாள் சொன்னதில்லை. கார்பன் தேய்ஞ்சது, கிரீஸ் காய்ஞ்சது, இதையே கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். இவ்வளவு பெரிய டிராமை இழுக்கிற மோட்டாரும் இதுவும் ஒரே ஜாதி. இது அதோட குட்டி.”

மொட்டை மாடியில் நல்ல வெயில். என் கணவரின் பழைய வேட்டியை விரித்து, மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றி அதன்மேல் வைத்தோம். பௌதி தன் கணவரின் பழைய திருப்புளி ஒன்றைக் கொண்டுவந்தாள். கழற்றிய திருகுகளை ஒரு தாம்பாளத்தில், கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். மோட்டாரின் இரண்டு பக்கமும் சின்ன மூடிகள் இருந்தன. அவற்றைத் திருகியதும் சுருள்கம்பியோடு சுண்டுவிரல் நுனியளவு கறுப்புத் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

“இதுதான் கார்பன்” என்றாள் பௌதி. “ரெண்டையும் கலந்திடாதே. அது அது தன் பக்கத்துக்கு ஏத்தபடி தேய்ஞ்சிருக்கும். இடம் மாத்தினா முரண்டு பிடிக்கும்னு அவர் சொல்வார்.”

இடது பக்கத்துக் கார்பனில் சிவப்பு நூலும் வலது பக்கத்துக் கார்பனில் மஞ்சள் நூலும் கட்டினேன். பிறகு அவற்றுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றினோம். அந்தக் கம்பிகளில் நூல் கட்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மூடியைத் திறந்து நடுத்தண்டை உருவியபோது, தண்டு சுழலும் இரண்டு முனைகளிலும் உறைந்த நெய்போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். வெயில் பட்டதும் இளகியது. மூக்கருகே கொண்டுபோனேன். என் கணவரின் தலைமுடி வாசனை!

“தேங்காயெண்ணெய்!” என்று கத்தினேன்.

பௌதி முகர்ந்து பார்த்தாள். “ஏ மா!” என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். “மோட்டாருக்குத் தேங்காயெண்ணெய் தேய்ச்சு விட்டது யாரு?”

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் விடவில்லை. காலையில் அவர் குடையோடு ஓடியதன் அர்த்தம் அப்போது புரிந்தது. சாயங்காலம் வரட்டும், ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று மனசுக்குள் வசனங்களைத் தயார் செய்யத் தொடங்கினேன்.

எண்ணெய் அந்த முனைகளோடு நிற்கவில்லை. உள்ளே ஒழுகி, கார்பன் உரசும் செம்பு வளையத்தில் தூளோடு குழைந்து மையாகிக் கிடந்தது. அந்த மையை வழித்தெடுத்தபோது நடுவே சிவப்பாக ஏதோ தென்பட்டது. இன்னும் வழித்தேன். மஞ்சளாகக் காய்ந்த கட்டி ஒன்று வந்தது. அதற்குப் பின்னால், உருண்டு கறுத்துப்போன மூன்று அரிசிமணிகள்.

பௌதி அரிசியை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தாள். “உன் வீட்டுக்காரர் இதுக்குச் சோறும் ஊட்டினாரா?”

சிவப்பு நான் வைத்த குங்குமம். மஞ்சள் நான் குழைத்த சந்தனம். அரிசி என் அட்சதை. காற்றுத் துளைகளில் பொட்டு வைத்து, அது காய்ந்து உள்ளே உதிரவிட்டவள் நான்தான். நான் சொன்னதும் பௌதி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து வேட்டியின்மேல் சாய்ந்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. அடுத்த மாடியில் அப்பளம்போல எதையோ காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தாள்.

பிறகு வேலையில் இறங்கினோம். ஸ்டவ் பற்றவைக்கும் ஸ்பிரிட்டை மெல்லிய துணியில் தொட்டு, செம்பு வளையத்தைத் துடைத்தோம். “சொட்டச் சொட்ட நனைக்காதே. கம்பிச் சுருளில் பட்டால் அதன் மேல் பூசின அரக்கு கரைஞ்சிடும்” என்று பௌதி நொடிக்கொரு தரம் எச்சரித்தாள். அந்த வளையம் ஒரே துண்டு இல்லை, மெல்லிய செம்புப் பட்டைகளை அடுக்கிச் செய்தது. பட்டைகளுக்கு இடையே இருந்த கோடுகளை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். கடைசியில் வளையம் புதுக் குத்துவிளக்குபோல மின்னியது. தண்டின் முனைகளுக்குப் பக்கத்தில் கம்பளித்துணியாலான திரி இருந்தது. அதையும் ஸ்பிரிட்டில் அலசி, பிழிந்து, வெயிலில் காயவைத்தோம்.

“இனி கிரீஸ் வேணும்” என்றாள் பௌதி. “சாந்தினியில் கிடைக்கும். வா, போய்ட்டு வந்திடலாம்.”

கணவர் துணையில்லாமல் நான் டிராமில் ஏறியது அதுதான் முதல் தடவை. பௌதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் ஏறினாள். சாந்தினி சந்தையில் ஒரு சந்து முழுக்க இரும்புச் சாமான் கடைகள். ஒரு கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

“மோட்டாருக்குப் போட நல்ல கிரீஸ் வேணும்” என்றாள் பௌதி.

“எந்த மோட்டார், மா? சின்ன வண்டியா, பெரிய வண்டியா?”

“சின்னது.”

“எத்தனை பேர் உட்காருவாங்க?”

பௌதி என்னைப் பார்த்தாள். “ஒரே ஒருத்தி. இவள்தான்” என்றாள்.

“நாலு சக்கரம்தானே?”

“ஒரு சக்கரம்” என்றேன் நான்.

கடைக்காரர் குழம்பிப்போய்ப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார். ஒரு சக்கரத்தில் ஓடும் மோட்டார் கார் சீமையிலிருந்து வந்திருக்கிறதா என்று இருவரும் தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள். தையல் மெஷின் என்று சொன்னதும் அவருக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெண்ணெய்போல வெளிர்மஞ்சளாக இருந்த கிரீஸை ஒரு சின்ன டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். “கடுகளவு போதும், மா. அதிகமானால் அதுவும் விஷம்தான்” என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, முன்னறையில் பாயை விரித்து மோட்டாரின் உறுப்புகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

“என்னத்த ஊத்தினீய?” என்றேன்.

“கொஞ்சம்போலத்தான் ஊத்தினேன்” என்றார். “நீ தைக்கும்போ சத்தம் கூடுதலாக் கேட்டுது. எண்ணெ வத்திப் போச்சுன்னு நினைச்சேன். தலைக்குத் தேய்க்க உருக்கி வச்சது கையில இருந்துது. மெஷின் நல்லா ஓடணும்னுதான்…” என்று இழுத்தார். “ஏசுதுக்கு இருந்தா ஏசிரு.”

நான் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஆனால் பக்கத்தில் ஒரு தட்டில் மூன்று அரிசிமணிகளும் இருந்தன. தட்டை அவர் பக்கம் தள்ளினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பாயில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நல்லவேளை, தேங்கா உடைக்காம விட்டியே” என்றார்.

மறுநாள் காலையில் பௌதியும் நானும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினோம். கடுகளவு கிரீஸை இரண்டு முனைகளிலும் வைத்தோம். நூல் அடையாளம் பார்த்துக் கார்பன்களை அதனதன் இடத்தில் பொருத்தினோம். மெஷினில் மாட்டி, பிளக்கைச் செருகி, சாமியைக் கும்பிட்டுவிட்டு மிதியைத் தொட்டேன்.

வண்டுச் சத்தம்! முன்பைவிட இனிமையாகக் கேட்டது. பௌதி கைதட்டினாள். நான் துணியை ஊசியடியில் வைத்தேன். துணி என்னை நோக்கி வந்தது. நூல் சிக்கிப் பந்தாகி, அறுந்தது.

மறுபடி மிதித்துப் பார்த்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“பிளக்கைத் திருப்பிப் போடு” என்றாள் பௌதி. திருப்பிப் போட்டேன். அப்போதும் பின்னால்தான். மூன்று தரம் மாற்றிப் பார்த்தோம். பூஜைக்கு ஐந்து நாள் இருந்தது. நான் வெட்டி வைத்த துணிகளை எண்ணத் தொடங்கினேன். பௌதி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பாடம் ஒப்பிக்கப் போகிறவள்போல நின்றாள்.

“டிராமைப் பின்னால் ஓட்டணும்னா என்ன பண்ணுவாங்க?” என்று திடீரென்று கேட்டாள்.

“எனக்கெப்படித் தெரியும்?”

“தனி மோட்டார் கிடையாது. ஓட்டுகிறவர் ஒரு பிடியைத் திருப்புவார். உள்ளே நடுத்தண்டுக்குப் போகிற ரெண்டு கம்பியும் இடம் மாறும். அதே மோட்டார் பின்னால் ஓடும். ஒருநாள் சாப்பிடும்போது பருப்புக் கிண்ணத்தையும் மீன் கிண்ணத்தையும் மாத்தி மாத்தி வெச்சு அவர் காட்டினார். நாம கம்பியை மாத்திப் பூட்டிட்டோம்!”

மூடியைத் திறந்தோம். கார்பன்களுக்குப் போகும் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றினோம். இந்தத் தடவை மிதியைப் பௌதியின் காலடியில் தள்ளினேன். “நீயே தொடு” என்றேன். அவள் சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு, நெருப்பைத் தொடுவதுபோல விரல் நுனியால் தொட்டாள். மஞ்சள் துணி எங்களை விட்டு விலகி அந்தப் பக்கம் நேராகப் போனது. தையல் மணி மணியாக விழுந்தது. பௌதி காலை எடுக்கவே இல்லை. துணி தீர்ந்து வெறும் நூல் ஓடும்வரை தைத்தாள்.

அடுத்த மூன்று பகலில் பதினெட்டுக் கவுன்களுக்கும் மெஷின் தையல் முடிந்தது. பௌதி காஜா எடுத்தாள். அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்து, துணி நகராமலிருக்க நான் கையால் போட்ட ஓட்டுத்தையல் நூலைப் பிரித்து எடுப்பார். நாங்கள் கேட்காமலேயே அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

பூஜைக்கு முதல் நாள் கடைசிக் கவுனுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது மிஸ்திரி மேலே வந்தார். மெஷினை ஓட்டச் சொன்னார். ஒரு திருப்புளியின் நுனியை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“யார் செய்தது?”

“நாங்கதான்.”

“யார் சொல்லிக்கொடுத்தது?”

“நீங்கதான். பன்னிரண்டு வருஷமா” என்றாள் பௌதி.

மிஸ்திரி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். “நான் சொல்கிறதை நீ கேட்டுக்கொண்டா இருந்தே? தூக்கத்தில் தலையாட்டுகிறாய் என்றல்லவா நினைத்தேன்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அன்று மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று சொன்னாராம். பௌதி மறுநாள் இதை என்னிடம் மூன்று தரம் சொன்னாள்.

பூஜையன்று காலை பள்ளிக்கூட முற்றத்தில் பதினெட்டு மஞ்சள் கவுன்களும் வரிசையாக நின்றன. பாட்டின் நடுவில் இரண்டு குழந்தைகளுக்குச் சண்டை வந்து, ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். தையல் விடவில்லை. எனக்கு அது போதும். பூஜை முடியும்வரை இலந்தைப் பழம் தின்னக் கூடாது என்பது அங்கே குழந்தைகளுக்கு விதி. முடிந்த கையோடு பெரிய திதிமணி முதல் பிடி பழத்தைக் கொண்டுவந்து எங்கள் இருவர் மடியிலும் கொட்டினாள்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. வெயில் காலம் தொடங்கியதும் பெரிய திதிமணியே தன் மேஜை விசிறியை ஒரு ஆள் தலையில் வைத்து அனுப்பினாள். போன வருஷமே நின்றுபோனதாம். திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு குருவிக்கூட்டுக்கு ஆகும் அளவுக்குத் தூசி. துடைத்து, கிரீஸ் வைத்து, இந்தத் தடவை எல்லாக் கம்பியிலும் நூல் கட்டி, மதியத்துக்குள் பூட்டிவிட்டோம். பிளக்கைச் செருகியதும் விசிறி தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது.

எங்கள் இருவர் வீட்டிலும் விசிறி கிடையாது. வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, விசிறியை முன்னால் வைத்து, இருவரும் வெறுந்தரையில் படுத்துக்கொண்டோம். காற்று முகத்தில் வந்து மோதியது. நாலு மணிக்குப் பெரிய திதிமணியின் ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டான்.

“ஆயிடுச்சா, மா?”

பௌதி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். “இன்னும் சோதிச்சுக்கிட்டிருக்கோம். நாளைக்கு வா.”